விதி பொய்யா, கோள் ஒளிந்திருக்கிறதா?

நம்பிக்கை: ஒரே ஒரு எதிர்ச்சான்று கிடைத்தால் போதும், அறிவியலில் ஒரு கோட்பாட்டைத் தலைமுழுகிவிடுவார்கள்.

உண்மை: அப்படிச் செய்திருந்தால் நியூட்டனின் ஈர்ப்பு விதி 1840களிலேயே போயிருக்கும். யுரேனஸ் அந்த விதி சொன்ன வழியில் போகவில்லை. பாரிஸில் வானியலாளர் உர்பேன் லெவெரியே விதியைத் தொடவில்லை. கண்ணில் படாத இன்னொரு கோள் யுரேனஸை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அது இருக்கும் இடத்தைத் தாளிலேயே கணக்குப் போட்டார். அந்த இடத்தைக் குறித்து அவர் எழுதிய கடிதம் பெர்லின் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது 1846 செப்டம்பர் 23. அன்றிரவே அங்கிருந்த யோஹான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைகூட விலகாமல் நெப்டியூன் இருந்தது.

அடுத்து புதன். அது சூரியனை மிக நெருங்கும் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. மற்ற கோள்களின் இழுப்பைக் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 38 விகலை மிஞ்சுவதாக 1859இல் லெவெரியே சொன்னார். பிற்பாடு அது 43 என்று திருந்தியது. ஒரு பாகைக்கு 3,600 விகலை. இவ்வளவு சின்னப் பிசகைப் பிடித்தார்களே என்பதே பெரிய விஷயம். லெவெரியே பழைய மருந்தையே கொடுத்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே வல்கன் என்றொரு கோள். சூரியன்மேல் கரும்புள்ளி ஒன்று ஊர்ந்ததைப் பார்த்ததாக ஒரு பிரெஞ்சு மருத்துவர் சொல்ல, அவருக்கு அரசு விருதே கிடைத்தது. கோள்தான் கிடைக்கவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தம் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டால் அந்த 43 விகலையையும் விளக்கினார். இம்முறை கோளாறு விதியில்தான்.

ஒரே மனிதர், ஒரே தர்க்கம். ஒருமுறை பலித்தது, மறுமுறை காலைவாரியது. எந்த முறை எது நடக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல அறிவியலிடம் சூத்திரம் கிடையாது. பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் துயெம் 1906இல் சொன்னது இதைத்தான்: எந்த விதியும் தனியாகச் சோதனைக்குப் போவதில்லை. கருவி, அனுமானம், துணைக் கணக்கு எல்லாம் கூடவே போகின்றன. தோற்றால் கூட்டத்தில் யாரோ குற்றவாளி என்று தெரியும்; ஆளைக் கைகாட்டும் வேலையைச் சோதனை செய்யாது. இன்றும் அதே கேள்விதான்: விண்மீன் மண்டலங்களின் விளிம்பு எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சுழல்வதற்குக் கண்ணில் படாத ‘கரும்பொருள்’ காரணம் என்கிறார்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கும் விளக்கம் அது. ஆனால் அதன் துகள் ஒன்றுகூட இதுவரை கையில் சிக்கவில்லை.

நம்பிக்கை: நிரூபித்தாயிற்று என்றால் இனி மாறாது.

உண்மை: நெப்டியூன் அகப்பட்டபோது நியூட்டனைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள்.

நம்பிக்கை: அறிவியலுக்கே முழு உறுதி இல்லை, அப்படியானால் ஜோசியமும் அதுவும் ஒன்றுதான்.

உண்மை: தன் பிசகு நூற்றாண்டுக்கு 43 விகலை என்று அளந்து ஊரறியச் சொன்ன ஜோசியர் ஒருவரைக் காட்டுங்கள், பேசலாம். ஐன்ஸ்டைனின் திருத்தத்தைச் சேர்க்காவிட்டால் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு சுமார் 38 மைக்ரோ நொடி முந்திவிடும். அதனால் சேர்க்கிறார்கள். அதே செயற்கைக்கோள்களின் பாதையை வகுக்க, தோற்றுப்போன நியூட்டனின் விதியைத்தான் இன்றும் பெரும்பாலும் நம்புகிறார்கள்.