டர்போவின் கலிங்கு: வேஸ்ட்கேட் பழுதும் அதனைச் சீர்படுத்தும் முறையும்

கோலார் தங்க வயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டை வட்டாரம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்குக் காற்றின் அழுத்தம் சென்னைக் கடற்கரையில் உள்ளதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆதலின் சாதாரண கார் எஞ்சின் அவ்வுயரத்தில் தன் முழு ஆற்றலைக் காட்டுவதில்லை. இக்குறையைப் போக்கக் கருதி, டர்போ இல்லாத காரில் அதனைப் பின்னர் வாங்கிப் பொருத்துவோர் உண்டு. அத்தகைய காரில் வேஸ்ட்கேட் பழுதுற்றால் எஞ்சினே அழியக்கூடும். ஆகவே அதன் இயல்பை அறிதல் நலம்.

சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி 1905-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற முறையே டர்போவின் தொடக்கம். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சிலுள்ள மற்றொரு சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுந்து எரியும், புகை பெருகும், சக்கரம் மேலும் விரையும். இதற்கு ஓர் எல்லை வேண்டும் அன்றோ? ஏரி நிரம்பியதும் மிகை நீரைக் கலிங்கு வெளியேற்றுவது போல, மிகைப் புகையைச் சக்கரத்தின் மேல் படாமல் பக்கவழியே விடும் கதவே வேஸ்ட்கேட்.

இக்கதவை ஆக்சுவேட்டர் என்னும் சிறு டப்பா இயக்குகிறது. அதனுள் ஒரு ரப்பர் சவ்வும் அதனை எதிர்த்து நிற்கும் சுருள்வில்லும் உள்ளன. அமுக்கப்பட்ட காற்று ஒரு ரப்பர் குழாய் வழியே வந்து சவ்வைத் தள்ளும். வில்லின் வலிமையை அது வென்றதும் தண்டு நீண்டு கதவைத் திறக்கும்.

பழுது இருவகைப்படும். கதவு திறவாவிடில் அழுத்தம் எல்லை மீறும். பெட்ரோல் எஞ்சினில் தட்டொலி எழும். பிஸ்டன் உருகவும் கூடும். கதவு சரிவர மூடாவிடில் அழுத்தம் உயராது. வண்டி மேட்டில் தளரும்.

சோதிக்கும் வரிசை வருமாறு. எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே தொடங்குக.

1. ரப்பர் குழாயில் வெடிப்பு, கழன்ற கிளிப், வெப்பத்தால் உருகிய இடம் ஆகியவற்றைத் தேடுக. இக்குழாயிலிருந்து வேறு கருவிகளுக்குக் கிளை பிரித்தல் ஆகாது.

2. தண்டைக் கழற்றிவிட்டுக் கதவின் நெம்புகோலைக் கையால் அசைத்துப் பார்க்க. அது தடையின்றி ஆடவேண்டும். கரியோ துருவோ படிந்திருப்பின் நீக்குக.

3. அழுத்தமானி உள்ள கைப்பம்பினால் ஆக்சுவேட்டருக்கு மெல்லக் காற்றூட்டுக. குறித்த அழுத்தத்தில் தண்டு நகர வேண்டும். பம்பை நிறுத்தியபின் முள் இறங்கினால் சவ்வு கிழிந்துள்ளது என்க. டயருக்குக் காற்றடிக்கும் கம்பிரசரை நேரே இணைத்தல் கூடாது.

4. கதவை மூடிப் பிடித்துத் தண்டைப் பொருத்துகையில், அதனைச் சிறிது இழுத்தே மாட்ட நேர வேண்டும். செய்தவர் குறித்த அளவே இதற்குச் சரி.

இவையனைத்தும் செம்மையாயிருந்தும் வேகம் கூடுந்தோறும் அழுத்தம் ஏறிக்கொண்டே போனால், பக்கவழி குறுகியது என்பது பெரும்பாலும் பொருள். பின்னர்ப் பொருத்திய டர்போக்களில் இது நேர்வதுண்டு. தண்டைத் திருகுவதால் இது தீராது. வழியை அகலப்படுத்த வேண்டும், அல்லது தக்க டர்போவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உயரமான இடங்களில் ஓர் எச்சரிக்கை தேவை. அழுத்தமானி 0.5 பார் காட்டுகையில், கடற்கரையில் டர்போ காற்றை ஒன்றரை மடங்கு அமுக்குகிறது. ஆண்டர்சன்பேட்டையில் கடற்கரையின் அதே மொத்த அழுத்தத்தைப் பெற 0.6 பார் தேவை. அப்போது அமுக்கம் ஏறத்தாழ 1.66 மடங்காகும். எனவே இழந்த ஆற்றலை மீட்கத் தண்டைச் சுருக்குவோர், சக்கரத்தை அதன் எல்லைக்கு அப்பால் விரட்டக்கூடும்.

ஆசிரியர்கள் இப்பாடத்தை ஏரிக் கலிங்கிலிருந்தே தொடங்கலாம். கலிங்கை அடைத்தால் ஏரியில் நீர் கூடுதலாக நிற்கும். ஆனால் கரை நில்லாது. வேஸ்ட்கேட்டின் பயனும் அதுவே.