பராக்கு: மனம் ஓடும்போது என்ன செய்வது?

புளியந்தீவில் வாவிக்கரையோரமாய் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். இரவு எட்டு மணி. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மகள் ஒரே பக்கத்தை ஐந்தாவது முறையாக வாசிக்கிறாள், ஒன்றும் பதியவில்லை. 'படலையைப் பூட்டினேனா? அப்பாவை இன்னும் காணவில்லையே. போன தவணை போல இம்முறையும் புள்ளி குறைந்தால்?' ஒன்றை விரட்டினால் இரண்டு வருகின்றன.

இன்னும் ஒன்று உண்டு. அதை அவள் எவரிடமும் சொன்னதில்லை. ஞாயிறு பூசையில், எழுந்தேற்ற நேரத்தில், மிக அசிங்கமான ஒரு சொல் அவள் மனதில் பாய்ந்து வருகிறது. 'நான் கெட்டவள்' என்று தனக்குத்தானே தீர்ப்பெழுதி, மூன்று மாதமாக நற்கருணை உட்கொள்ளாமல் இருக்கிறாள்.

இப்படிப்பட்டவர்கள் நம் பங்குகளில் பலர். கடனை நினைத்து வேலையில் பிழைவிடும் தகப்பனும், செபமாலையில் எத்தனையாவது மணி என்று மறந்து தன்னையே நொந்துகொள்ளும் அம்மம்மாவும் அவர்களுள் அடங்குவர். நம் முன்னோர் இதற்கு ஒரு நல்ல சொல் வைத்திருந்தார்கள்: பராக்கு. அதைப் பற்றியே இன்றைய பாடம்.

புதிய வருத்தமல்ல

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் சந்தடியே இல்லாத இடத்தில் வாழ்ந்த துறவிகளுக்கும் இதே தொல்லை இருந்தது. எவாக்ரியுஸ் என்பவர் அவர்களை வருத்திய எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து எழுதினார். அத்துறவிகளிடம் பயின்ற யோவான் கசியான், மனதை நீரோட்டத்தால் சுழலும் ஆலைக்கல்லுக்கு ஒப்பிட்ட உவமையை நமக்கு விட்டுச் சென்றார். நீர் பாயும்வரை கல் சுழன்றே தீரும். அதை நிறுத்த ஆலைக்காரனால் முடியாது. ஆனால் அதில் கோதுமையைப் போடுவதா, களையின் விதையைப் போடுவதா என்பது அவன் கையில் இருக்கிறது. 1577இல் நூல் எழுதிக்கொண்டிருந்த புனித அவிலா தெரேசம்மாளும் தம் தலைக்குள் ஓயாத இரைச்சல் இருப்பதை ஒளிக்காமல் குறிப்பிட்டார். அந்த இரைச்சலுக்காக அவர் செபத்தையும் விடவில்லை, எழுத்தையும் விடவில்லை.

வருவது வேறு, சம்மதிப்பது வேறு

சாவான பாவத்துக்கு மூன்று காரியம் வேண்டும் என்று ஞானோபதேசத்தில் படித்தோம்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். அழையாமல் வந்து, நாம் வெறுத்து அஞ்சுகின்ற எண்ணத்தில் சம்மதம் எங்கே இருக்கிறது? அந்த மகள் அச்சொல்லை விரும்பியிருந்தால் அழுதிருக்க மாட்டாள். அவளுடைய கண்ணீரே அவள் சம்மதிக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் இதே துன்பத்தில் கிடந்தார். அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார், ஆறுதல் கிட்டவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் அவரைத் தாக்கியது. இறுதியில், பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று உறுதி செய்த பின்னரே விடுதலை கண்டார். அச்சத்தைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் காரியமே அச்சத்தை வளர்க்கிறது என்பதை அவர் பட்டு அறிந்தார்.

இலங்கையில் பிறந்த உளவியல் அறிஞர் பத்மல் டி சில்வா, ஸ்டான்லி ரக்மன் என்பவரோடு சேர்ந்து 1978இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோயேதும் இல்லாத சாதாரண மக்களிடம் விசாரித்தபோது, ஏறத்தாழ ஐந்து பேரில் நால்வர் தமக்கும் வேண்டாத எண்ணங்கள் வருவதாகக் கூறினர். பிறருக்குத் தீங்கு செய்வது போன்ற, வெளியே சொல்லக் கூசும் எண்ணங்களும் அவற்றில் இருந்தன. ஆகவே, பூசையில் நம் பக்கத்தில் முழந்தாளிட்டிருப்பவருக்கும் அப்படி ஒன்று வந்திருக்கலாம்.

விரட்டினால் ஏன் திரும்புகிறது?

1987இல் அமெரிக்க அறிஞர் டானியல் வெக்னர் சிலரை அழைத்து, 'ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினையாதீர்கள். நினைத்தால் மணியை அடியுங்கள்' என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. 'வருகிறதா, வருகிறதா' என்று காவல் காக்கும் மனம், காவல் காப்பதற்காகவே அதை நினைக்க வேண்டியிருக்கிறது. எண்ணத்தோடு மல்லுக்கட்டுவது அதற்குச் சோறு போடுவதற்குச் சமம்.

என்ன செய்யலாம்?

1. எண்ணம் வந்ததும் அதற்குப் பெயரிடுங்கள்: 'இது கவலை', 'இது பராக்கு'. அதோடு வாதாட வேண்டாம். பின்னாலும் போக வேண்டாம்.

2. விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். நமது வாவியில் பாடும் மீனைக் கேட்பவர்கள் துடுப்பின் ஒரு நுனியை நீருக்குள் இறக்கி, மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். காற்றும் அலையும் அவர்களுக்காக ஓய்வதில்லை. அவர்கள்தாம் காதைத் துடுப்பில் வைத்திருக்கிறார்கள். காது விலகினால் மறுபடியும் வைக்கிறார்கள். நூறு முறை விலகி நூறு முறை திரும்பினால், அது நூறு முறை செய்த செபம்.

3. பக்கத்தில் ஒரு தாளை வைத்திருங்கள். 'படலை', 'கடன்' என்று ஒரே சொல்லில் குறித்து ஒத்திவையுங்கள். மாலையில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரைமணி நேரம் அந்தத் தாளை எடுத்துக் கவலைப்படுங்கள். தாளில் உள்ள பாதி அதற்குள் பெலனற்றுப் போயிருக்கும்.

4. வேலையைச் சிறிதாக நறுக்குங்கள். இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் நடை. கைத்தொலைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும். நித்திரையைக் களவு கொடுத்தவன் மனதைக் கட்ட முடியாது.

வைத்தியரிடம் போக வேண்டிய வேளை

எண்ணங்கள் நாளின் பெரும்பகுதியைத் தின்றால், கை கழுவுதலும் பூட்டைச் சரிபார்த்தலும் முடிவின்றி நீண்டால், அது வைத்தியர்கள் எண்ணச் சுழற்சி நோய் என்பதாக இருக்கலாம். பல நாள் நித்திரையின்றியும் களைப்புத் தெரியாமல் எண்ணங்கள் பாய்ந்தோடினாலும் வைத்தியரைக் காண வேண்டும். இவற்றுக்கு மருந்தும் பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு. சாகும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். இது விசுவாசக் குறைவு அல்ல. காய்ச்சலுக்கு மருந்து எடுப்பவன் செபத்தைக் கைவிட்டவனா?

போரும் 2004 டிசம்பர் 26இன் கடலும் நம் மண்ணில் பலருக்கு விட்டுச் சென்ற காட்சிகள் வேறு வகையானவை. 'மறந்துவிடு' என்ற சொல் அங்கே உதவாது. 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகளாரும் துணைவர்களும் போரில் நொந்த பிள்ளைகளுக்குக் களிமண்ணும் வண்ணமும் கதையும் கொடுத்தார்கள். சொல்ல முடியாததைப் பிள்ளைகள் கையால் வெளிப்படுத்தினார்கள். பெரியவர்களுக்கும், கேட்கத் தெரிந்த ஒருவரிடம் மனம் திறப்பதே முதல் மருந்து.

அந்த மகளுக்கு நாம் சொல்வது இதுவே: வீதியில் கூச்சல் கேட்டதற்காக வீட்டுக்காரி குற்றவாளி ஆவதில்லை. வரும் ஞாயிறு எழுந்து வா, மகள். அந்தச் சொல் மறுபடியும் வரலாம், வந்தாலும் வா.

இவ்வார முயற்சி: தினமும் பத்து நிமிடம் ஒரு செபமோ ஒரு பாடமோ எடுத்துக்கொள்ளுங்கள். மனம் எத்தனை முறை ஓடியது என்று எண்ண வேண்டாம். எத்தனை முறை திரும்பி வந்தீர்கள் என்று எண்ணுங்கள்.