ஆரணியில் அயர்லாந்து வேர்

கேள்வி: எனக்கு 16 வயது. எங்கள் முன்னோரில் ஒருவர் அயர்லாந்துச் சிப்பாய் என்கிறார் பாட்டி. பட்டு நெய்யும் ஆரணியில் இது நடந்திருக்குமா? எப்படித் தேடுவது?
– ஒரு மாணவி, ஆரணி

பதில்: தாராளமாக நடந்திருக்கலாம். 1782 ஜூனில் ஆரணி அருகே ஹைதர் அலியுடன் மோதிய பிரிட்டிஷ் தளபதி அயர் கூட், அயர்லாந்தின் லிமரிக் பகுதிக்காரர். 1830இல் பிரிட்டிஷ் ராணுவத்தினரில் பத்தில் நால்வர் அயர்லாந்துக்காரர்கள்.

முதலில் பாட்டியிடம் உட்கார்ந்து பெயர், ஊர், சர்ச், ரெஜிமென்ட் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து அந்த சர்ச்சின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். சென்னை மாகாணப் பதிவுகளின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் ‘என்/2’ வரிசையில் உள்ளன. 1922இல் அயர்லாந்தின் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து பல குடும்பங்களின் தடயம் அங்கேயே அழிந்துவிட்டது. அதனால் நம் பக்கத்துப் பதிவுகளுக்கு மதிப்பு அதிகம். விடாமல் தேடுங்கள்.