மூடி வைத்தால் முளைக்காத விதை

எங்கள் பள்ளி அரியலூர் மாவட்டத்தில், சுண்ணாம்புக்கல் நிறைந்த நிலத்தில் இருக்கிறது. மண்ணில் கிடக்கும் வெள்ளைக் கற்களைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். நட்ட கன்றுகளில் பாதி கோடையைத் தாண்டுவதில்லை. அந்த வளாகத்தில் யாரும் நடாமல் தானாக வளர்ந்து நின்றது ஒரு தேன்பழ மரம். சர்க்கரைப்பழம், நெய்ப்பழம் என்றும் இதைச் சொல்வார்கள். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மரம். சுண்ணாம்பு மண்ணையும் வறட்சியையும் தாங்கும். ஆண்டின் பெரும்பகுதி வெள்ளைப் பூவும் சிவந்த சிறு பழமுமாக இருக்கும். மதிய உணவு முடிந்தால் பிள்ளைகள் அதன் நிழலில்தான்.

திடலோரம் இன்னும் நான்கு கன்று வைக்கலாம் என்று ஏழாம் வகுப்பு மாணவர்களோடு விதை போட்டேன். அரை அங்குல ஆழத்தில் புதைத்து, தினமும் நீர் தெளித்தோம். ஒரு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை.

ஒரு மாணவியின் கேள்வி

அந்த வாரம்தான் விதை முளைத்தல் பாடம். நீர், காற்று, வெப்பம் மூன்றும் போதும், ஒளி தேவையில்லை என்று கரும்பலகையில் எழுதினேன். விடுமுறை நாள்களில் ஆடு மேய்க்கப் போகும் மாணவி ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள்.

“டீச்சர், கழிவறைச் செவுத்துல தேன்பழச் செடி மொளச்சிருக்கே, அதுக்கு யாரு மண்ணு போட்டு மூடுனா?”

“அது பறவை எச்சத்துல வந்தது, அது வேற” என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். மாலையில் பெரம்பலூர் பேருந்தில் வரும்போது அந்தக் கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. அவள் கண்ணால் பார்த்ததைச் சொன்னாள். நான் படித்ததை வைத்து அதை ஒதுக்கிவிட்டேன். மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டு, “உன் கேள்வியையே சோதித்துப் பார்ப்போம்” என்றேன்.

செய்து பார்த்தோம்

1. நன்கு பழுத்த பழங்களை நீரில் பிசைந்து வடிகட்டி, கடுகினும் மிகச் சிறிய விதைகளைப் பிரித்தோம்.
2. மணலும் மக்கிய எருவும் கலந்த இரண்டு தட்டுகளில் சம அளவு விதைநீரை மேலாகத் தெளித்தோம். மண்ணால் மூடவில்லை.
3. ஒரு தட்டை அட்டைப்பெட்டியால் ஒளி புகாதபடி மூடினோம். மற்றதை வராந்தாவில் வெளிச்சத்தில் வைத்தோம். இரண்டும் அருகருகே இருந்தன. நீரும் ஒரே அளவு.
4. ஒப்பிடுவதற்காக இரண்டிலும் ஓர் ஓரத்தில் பச்சைப்பயறு போட்டோம்.

பச்சைப்பயறு இரண்டு தட்டிலும் முளைத்தது. தேன்பழ விதையோ வெளிச்சத் தட்டில் மட்டும், இரண்டு வாரத்துக்குள் குண்டூசித் தலையளவு பச்சைப் புள்ளிகளாக எழுந்தது. பிறகு பெட்டியை எடுத்து வைத்தோம். இருட்டில் கிடந்த விதைகளும் அதன் பின் முளைத்தன.

காரணம்

பயற்றின் பருப்பில் சேமித்த உணவு நிறைய இருக்கிறது; ஆழத்திலிருந்தும் முட்டி மேலே வரும். தேன்பழ விதையில் அந்தச் சேமிப்பு மிகக் குறைவு. ஆழத்தில் முளைத்தால் வெளிச்சத்தை எட்டும் முன் மடிந்துவிடும். எனவே மேற்பரப்பில் இருக்கிறோம் என்பதை ஒளியைக் கொண்டு அறிந்த பிறகே முளைக்கிறது. விதைக்குள் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி ஒளியை உணர்கிறது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அடையாளம் வேண்டியிருக்கிறது. ஐரோப்பாவின் குளிர்ப் பகுதிகளில் பனியைத் தாங்கி, செம்பழம் பழுக்கும் ரோவன் மரத்தை அழகுக்காக வளர்க்கிறார்கள். அதன் பழத்தில் ஜெல்லி செய்கிறார்கள். அதன் விதை பல வாரக் குளிரைக் கடந்தால்தான் முளைக்கும். அங்கே குளிர்காலம் முடிந்ததற்கான அடையாளம் குளிர்; இங்கே வெட்டவெளிக்கான அடையாளம் ஒளி.

மரமே ஆய்வகம்

பூ காலையில் மலர்ந்து ஒரே நாளில் இதழ் உதிர்க்கும். மலரும்போது காம்பு கிளைக்கு மேலே நிமிர்ந்திருக்கும். பிறகு கீழே வளைந்து, பழம் இலைகளுக்கு அடியில் தொங்கும். பூவைத் தேடி வரும் தேனீக்கு மேலே வழி, பழத்தைத் தேடி வரும் வௌவாலுக்குக் கீழே வழி. ஒரே கொத்தில் அடுத்தடுத்து மலரும் பூக்களின் மகரந்தத்தாள்களை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை மாறுவதைக் காணலாம். அதையே கணக்குப் பாடத்தில் சராசரிக்கும் வரைபடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

- நாற்று ஒரு சாண் வளர்ந்ததும் நடலாம். ஆடு கடிக்காமல் முள்வேலி அவசியம்.
- கிளைகள் எளிதில் முறியும், ஏற விடக்கூடாது.
- கடிபட்ட பழத்தையும் கீழே கிடக்கும் பழத்தையும் தின்னக்கூடாது. வௌவால் வழியே நோய் பரவ வாய்ப்புண்டு. பறித்த பழத்தையும் கழுவியே தின்னப் பழக்குங்கள்.
- அயல்நாட்டு மரம். பறவைகளால் தானே பரவும். சில மரங்கள் போதும். கூடவே நாவல், இலந்தை போன்ற நம் மரங்களையும் நடுங்கள்.

இரண்டாம் ஆண்டிலேயே எங்கள் கன்றுகள் காய்த்தன. பெரம்பலூரில் தோழி பணிபுரியும் பள்ளிக்கும் இரண்டு கன்று கொடுத்தோம். எப்படி வளர்க்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதித் தந்தவள் அந்த மாணவிதான். முதல் வரி: “மண்ணைப் போட்டு மூடாதீர்கள்.” இப்போது கரும்பலகையில் “பெரும்பாலான விதைகளுக்கு ஒளி தேவையில்லை” என்றுதான் எழுதுகிறேன். எழுதிவிட்டு, யாராவது கை தூக்குகிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன்.