குரங்கணிச் சரிவில் வானூர்தி

ஹெலிகாப்டர் என்னும் வானூர்திக்கு ஓடுபாதை வேண்டுவதில்லை. ஆதலின், மும்பைக்கு மேற்கே நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்குப் பணியாளரைக் கொண்டு செல்வது அதுவே. அம்மேடைகளில் இறங்குதளமேனும் உண்டு. போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலைச்சரிவில் அதுவும் இல்லை.

2018 மார்ச் 11ஆம் நாள் அங்கே மலையேறச் சென்றோரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் மாண்டனர். இருளில் முதலில் ஏறிச் சென்று, காயமுற்றோரைப் போர்வையில் இட்டுச் சுமந்தோர் மலைவாழ் மக்களே. பொழுது புலர்ந்தபின் சூலூர் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் பணியாற்றின.

இத்தகைய பணி எளிதன்று. வெப்பமுற்ற காற்று அடர்த்தி குன்றியது. ஊர்தியைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு. சுழலும் இறக்கைகள் எழுப்பும் காற்றோ, அணையாத கங்குகளை ஊதிவிடும். அந்தரத்தில் அசையாது நிற்கும் விமானிக்குத் தன் காலடியில் தொங்கும் கயிறு தெரியாது. வாயிலருகே குனிந்திருக்கும் துணைவன், “இடப்புறம் சிறிது, நில்” என்று உரைக்கும் சொல்லே அவனுக்குக் கண். அத்துணைவன் நம்புவது எஃகுக் கயிற்றை. அதனை முறைப்படி ஆராய்ந்து கையொப்பம் இட்டவரோ, தரையிலே நிற்கும் பொறியாளர். அக்கையொப்பம் இன்றி ஊர்தி எழும்புவதில்லை.