முதலில் அளவுகோல், பிறகு கத்தரிக்கோல்

கேள்வி: டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. அதனால் என் சோனி ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவுக்குப் பழைய 50 மி.மீ. எஸ்.எல்.ஆர். லென்ஸையும் கறுப்புத் துணியையும் வைத்து நானே ஒரு பெல்லோஸ் செய்தேன். லென்ஸை நகர்த்தினால் படத்தின் மூலைகள் இருண்டுபோகின்றன. ஓரிரு அடிக்கு அப்பால் ஃபோகஸும் போகவில்லை. எங்கே கோளாறு?

பதில்: இரண்டு தொல்லைக்கும் காரணம் அந்த லென்ஸ்தான். 24×36 மி.மீ. ஃபிரேமின் மூலைவிட்டம் 43 மி.மீ.; அதை மூடும் அளவுக்குத்தான் அதன் பிம்ப வட்டம் இருக்கும். நகர்த்துவதற்கு மிச்சம் ஏது?

அடுத்தது இடநெருக்கடி. எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் சென்சாரிலிருந்து சுமார் 45 மி.மீ. தள்ளி உட்கார வேண்டியவை. உங்கள் கேமராவின் மவுண்ட்டே 18 மி.மீ.யை எடுத்துக்கொள்கிறது. மீதி 27 மி.மீ.க்குள் பெல்லோஸும் பலகைகளும் அடங்க வேண்டும். 8 மி.மீ. கூடினாலே ஃபோகஸ் சுமார் 36 செ.மீ.யில் நின்றுவிடும்.

6×6 நெகட்டிவுக்கான 80 மி.மீ. என்லார்ஜர் லென்ஸ் ஒன்றைத் தேடுங்கள். பிம்ப வட்டம் 79 மி.மீ. அளவுக்கு வரும், 15 மி.மீ. நகர்த்தினாலும் மூலை இருளாது. பெல்லோஸுக்கும் ஏறக்குறைய 50 மி.மீ. இடம் கிடைக்கும்.

துணியை வெட்டுமுன் ஒரு சோதனை. லென்ஸைக் கையில் பிடித்து, ஜன்னலுக்கு வெளியே தூரத்து மரத்தை வெள்ளைத் தாளில் விழவையுங்கள். பிம்பம் கூர்மையாகும் இடத்தில் தாளுக்கும் லென்ஸின் மரைக்கும் உள்ள தூரத்தை அளந்து, அதில் 18 மி.மீ. கழியுங்கள். சுருங்கிய நிலையில் உங்கள் பெல்லோஸும் பலகைகளும் சேர்ந்து அதற்குள் இருக்க வேண்டும்.

இவ்வளவு குறைந்த தூரத்துக்கு மடிப்பு வேண்டாம். மடிப்புகள் முட்டிக்கொண்டு டில்ட்டைத் தடுக்கும். பிளாக்அவுட் திரைத்துணியை இரட்டையாக வைத்துத் தளர்வான பைபோலத் தையுங்கள். பின்பக்கத்துக்கு மலிவான எக்ஸ்டென்ஷன் டியூபின் மவுண்ட் வளையம் போதும். முன்பலகையை மேக்ரோ ரெயிலில் நிறுத்துங்கள். ரெயிலை நகர்த்துவதுதான் இனி உங்கள் ஃபோகஸ். ஷிஃப்டுக்குப் பலகையில் நீளத் துளை, டில்ட்டுக்கு ஒரு போல்ட்டும் விங் நட்டும்.

ஒளிக்கசிவு பார்க்க, இருட்டறையில் பைக்குள் டார்ச்சை எரியவிடுங்கள். சில என்லார்ஜர் லென்ஸ்களில் அபெர்ச்சர் எண் ஒளிர ஒரு சிறு ஜன்னல் உண்டு. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டாவிட்டால் படம் வெளிறும். கேமரா மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுங்கள்.

டில்ட்டை அள்ளிப் போடாதீர்கள். லென்ஸைச் சாய்த்தால் கூர்மைத் தளமும் சாயும்; ஷைம்ஃப்ளுக் என்பவர் 1904-இல் காப்புரிமை பெற்ற அந்த வடிவியல்தான் இங்கும். கேமரா 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், முன்னாலுள்ள தரை முழுதும் கூர்மையாக 80 மி.மீ. லென்ஸுக்கு 3 டிகிரி போதும்.

பின்வாங்க இடமில்லாத தெருவில் உயரமான கட்டடத்தை எடுக்க இது உதவாது. அதற்கு 24 மி.மீ. டில்ட்-ஷிஃப்ட் லென்ஸை வாடகைக்கு எடுப்பதே வழி. மேசைமேல் வைத்து எடுக்கும் நகை, உணவுப் படங்களுக்கு இந்தப் பெல்லோஸ் தாராளம்.