நடுவர் தவறினால்? – ஒரு பட்டிமன்றப் பாடம்

(உயர்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும்)



‘நடுவர்’ என்னும் சொல்லை நீங்கள் இரண்டு இடங்களில் கேட்கிறீர்கள். ஒன்று, நம் ஆண்டு விழாவின் பட்டிமன்ற மேடை. மற்றொன்று, ஞாயிறுதோறும் உங்கள் இல்லத் தொலைக்காட்சியில் ஓடும் அமெரிக்கக் கால்பந்தாட்டம். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடிட்ட சட்டை அணிந்து களத்தில் நிற்பவரையும் தமிழில் நடுவர் என்றே சொல்கிறோம். ‘நடு’ என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. எப்பக்கமும் சாயாது நிற்பவர் என்பது பொருள். இப்பண்பைச் சொல்லவே திருவள்ளுவர் ‘நடுவு நிலைமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார்.

ஆனால், சாயாது நிற்பவரும் மனிதரே. அவர் கண் தவறினால் என் செய்வது? நீங்கள் நன்கறிந்த விளையாட்டிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, இவ்வினாவைத் தமிழில் வாதிட்டுப் பழகுவோம்.

நிகழ்ந்தது என்ன?

2019ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள். நியூ ஆர்லியன்ஸ் நகரின் சூப்பர்டோம் அரங்கம். செயின்ட்ஸ் அணியும் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியும் மோதின. வெல்பவர்க்கு சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் இடம் உண்டு. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்திற்கும் குறைவான நேரமே இருந்தது. இரு அணிகளும் 20 புள்ளிகளில் சமமாக நின்றன.

செயின்ட்ஸ் அணி எதிரியின் எல்லைக் கோட்டிற்கு 13 கெஜ தூரத்தில் இருந்தது. குவாட்டர்பேக் டுரூ பிரீஸ், வலப்புறம் ஓடிய டாமிலீ லூயிஸை நோக்கிப் பந்தை எறிந்தார். பந்து வந்து சேரும் முன்னரே ராம்ஸ் வீரர் நிக்கல் ரோபி-கோல்மன் பாய்ந்து வந்து லூயிஸை மோதி வீழ்த்தினார். பந்தைப் பிடிக்க முயல்பவரை, பந்து வருமுன் இவ்வாறு இடித்துத் தடுப்பது விதிப்படி குற்றம். நடுவர் மஞ்சள் கொடியை வீச வேண்டும். களத்தில் எழுவர் இருந்தனர். ஒருவரும் வீசவில்லை.

கொடி விழுந்திருப்பின், எல்லைக் கோட்டிற்கு மிக அருகில் செயின்ட்ஸுக்குப் புதிய வாய்ப்புகள் கிடைத்திருக்கும். கடிகாரத்தைப் பெரும்பாலும் ஓடவிட்டு, இறுதி நொடிகளில் வென்றிருக்கக்கூடும். கொடி விழாமையால் ஃபீல்டு கோல் அடித்து 3 புள்ளி பெறுவதோடு நிற்க நேர்ந்தது. எஞ்சிய நேரத்தில் ராம்ஸும் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 23க்கு 23 எனச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் கிரெக் சூர்லைன் 57 கெஜ தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கிடையே சென்றது. ராம்ஸ் 26–23 என வென்றது.

நடுவர்களின் பணியை மேற்பார்வையிடும் அலுவலகத்தினர் தம்மிடம் தொலைபேசியில் தவற்றை ஒப்புக்கொண்டனர் என்று செயின்ட்ஸ் பயிற்சியாளர் ஷான் பேட்டன் அன்றே அறிவித்தார். அதே மோதலுக்காக, தலைக்கவசத்தால் இடித்த குற்றத்தின்பேரில், ரோபி-கோல்மனுக்கு 26,739 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டது. குற்றம் உறுதியாயிற்று, முடிவு மட்டும் மாறவில்லை. பிப்ரவரி 3ஆம் நாள் இறுதியாட்டத்தில் ராம்ஸ் 13–3 எனத் தோற்றது. மறுநாள் நியூ ஆர்லியன்ஸ் நாளிதழ் தன் முதற்பக்கத்தை ஏறக்குறைய வெறுமையாகவே விட்டு அச்சிட்டது. ஒரு நகரத்தின் மனக்குறையை அந்த வெற்றுத்தாள் சொல்லிற்று.

இருவகைப் பிழைகள்

வாதத்தில் இறங்குமுன் பொருளைப் பகுத்துப் பார்க்கக் கற்க வேண்டும். 2002 ஜனவரி 19 அன்று பனி கொட்டிய இரவில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணிக்கும் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தை ஒப்பு நோக்குங்கள். டாம் பிரேடி கையிலிருந்து பந்து நழுவியது. ரெய்டர்ஸ் அதைக் கைப்பற்றியது. படத்தை மீண்டும் பார்த்த நடுவர், ‘எறிய முன்னோக்கி வந்த கை, பந்தை உடலோடு அணைத்து முடிக்கும் முன் பந்து நழுவினாலும் அது எறிதலே’ என்ற அன்றைய விதியின்படி, பந்து இழக்கப்படவில்லை என்று தீர்ப்பை மாற்றினார். பேட்ரியட்ஸ் 16–13 என வென்றது. அவ்விதி 2013இல் நீக்கப்பட்டது.

அங்கே நடுவர் விதியைப் பின்பற்றினார். பலருக்கு விதியே நேர்மையற்றதாகத் தோன்றியது. நியூ ஆர்லியன்ஸில் விதி தெளிவாக இருந்தது. நடுவர் காணத் தவறினார். முன்னது விதியைப் பற்றிய வழக்கு; பின்னது விழியின் பிழை. இரண்டையும் குழப்பிப் பேசுபவர் பட்டிமன்றத்தில் வெல்வதரிது.

இரு அணியினரின் வாதங்கள்

தலைப்பு: ‘நடுவரின் தவற்றை ஆட்டம் முடிந்தபின் திருத்தலாமா, கூடாதா?’

திருத்தலாம் என்போர் கூறத்தக்கவை: தவறு ஐயத்திற்கிடமின்றித் தெரிந்தது, பொறுப்பாளர்களே ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொண்ட பின்னும் திருத்தாமை, நீதியை அறிந்தே கைவிடுவதாகும். மிகவும் நேர்மையற்ற செயல் நிகழ்ந்தால் ஆட்டத்தின் முடிவையே மாற்றும் அதிகாரம், 17ஆம் விதியின்படி அமைப்பின் தலைமை ஆணையருக்கு உண்டு.

கூடாது என்போர் கூறத்தக்கவை: அதே விதி, நடுவர்களின் கணிப்புத் தவறுகளுக்கு இவ்வதிகாரம் பொருந்தாது என்றும் கூறுகிறது. பாதியைப் படித்துவிட்டு வாதிடலாகாது. மேலும், செயின்ட்ஸ் தொடக்கத்தில் 13–0 என முன்னணியில் இருந்தது. கூடுதல் நேரத்தில் முதலில் பந்தும் பெற்றது. அப்பந்தை எதிரி இடைமறித்துக் கைப்பற்றினார். அதற்குச் சற்று முன்னர், ராம்ஸ் குவாட்டர்பேக் ஜாரெட் காஃபின் முகக்கவசத்தைச் செயின்ட்ஸ் வீரர் பற்றி இழுத்ததையும் நடுவர்கள் காணவில்லை. ஒரு பிழையைத் திருத்தினால் மற்றதை என் செய்வது?

ரசிகர் சிலர் நீதிமன்றமும் ஏறினர். 2019 செப்டம்பரில் லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தது.

மருந்து பலித்ததா?

2019 மார்ச்சில் அணி உரிமையாளர்கள் 31க்கு 1 என்ற வாக்கில் ஒரு புதிய விதி இயற்றினர். பந்தைப் பிடிப்பவரைத் தடுக்கும் குற்றத்தில், நடுவர் வீசிய கொடியை மட்டுமன்றி வீசாத கொடியையும் படம் பார்த்து மாற்றலாம் என்பது அது. ஓராண்டுச் சோதனையாகவே இது வந்தது. ஆனால் எது தெளிவான தடுப்பு, எது இயல்பான உரசல் என்பதில் படம் பார்த்தவர்களும் ஒரு நிலையாகத் தீர்ப்பளிக்கவில்லை என்ற குறை எழுந்தது. 2020இல் அவ்விதி புதுப்பிக்கப்படவில்லை. கருவி காட்சியை மெதுவாக்கிக் காட்டும். தீர்ப்பை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

நமக்குரிய பாடம்

மாணவர்களே, இதை எழுதும் நானும் ஒருமுறை தவறிய நடுவர்தான். சில ஆண்டுகளுக்கு முன் சிறுவர் பேச்சுப் போட்டி ஒன்றில் மதிப்பெண்களைக் கூட்டுகையில் ஒரு வரியை விட்டுவிட்டேன். முதற்பரிசு பெற வேண்டிய சிறுமி மூன்றாம் பரிசோடு மேடையிலிருந்து இறங்கினாள். வீடு சென்று தாள்களை மீண்டும் பார்த்தபோதுதான் தவறு புலப்பட்டது. அதை யாரும் கண்டிருக்கமாட்டார்கள். பேசாதிருந்துவிடலாமா என்று ஓரிரவு எண்ணியதும் உண்மை.

அடுத்த வாரக் காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னும் அதைச் சொன்னேன். முதற்பரிசு பெற்ற சிறுவனிடமிருந்து கோப்பையைத் திரும்பப் பெற மனம் வரவில்லை. சிறுமிக்கு மற்றொரு கோப்பை வாங்கிக் கொடுத்தோம். அவள் சிரித்துக்கொண்டே பெற்றுக்கொண்டாள். ஆனால் அன்று அரங்கில்லை, ஒளியில்லை, ஊரிலிருந்து வந்து விழாவில் முன்வரிசையில் அமர்ந்திருந்த அவள் பாட்டியும் அப்போது அங்கில்லை. பிழையை ஒப்புக்கொள்ள என்னால் இயன்றது. அந்த மாலைப்பொழுதைத் திருப்பித்தர இயலவில்லை.

ஆகவே, பெற்றோர்களே, விழாவில் நம் பிள்ளைக்குப் பரிசு கிடைக்காதபோது நடுவரை உடனே பழிக்க வேண்டா. காரணம் இருப்பின் பணிவோடு கேளுங்கள். மாணவர்களே, நாளை நீங்களும் நடுவர் இருக்கையில் அமர்வீர்கள். கூர்ந்து பாருங்கள், இருமுறை கூட்டிப் பாருங்கள், தவறினால் மறைக்காதீர்கள்.

அருஞ்சொற்பொருள்

தீர்ப்பு – ஆராய்ந்து கூறும் முடிவு
இடைமறித்தல் – வழியில் புகுந்து தடுத்தல்
தள்ளுபடி – ஏற்காது விலக்குதல்
கணிப்பு – பார்த்து மதிப்பிடுதல்
உரசல் – ஒன்றோடொன்று தேய்தல்

பயிற்சி

1. விதியைப் பற்றிய வழக்கிற்கும் விழியின் பிழைக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.
2. நீங்கள் எந்த அணியில் பேச விரும்புகிறீர்களோ, அதற்கு எதிரணியின் வாதத்தை முதலில் எழுதிப் பின்னர் மறுத்துரைக்க.
3. உங்களுக்கு இழைக்கப்பட்ட தவறான தீர்ப்பு ஒன்றையும், நீங்கள் பிறர்க்கு இழைத்த தவறான தீர்ப்பு ஒன்றையும் இல்லத்தில் பெற்றோரிடம் தமிழில் சொல்லுக.